ஜெர்மன் மௌனக் காலச் சிரிப்புக் குறும்படங்களைத் திரையிடுவது எப்படி?

ஜெர்மன் மௌனப்படம் என்றதும் நிழலும் பேயும் கோணல் சுவர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் படங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெர்லினிலும் மியூனிக்கிலும் ஆட்கள் பசையில் ஒட்டிக்கொண்டும் மேசையோடு மல்லுக்கட்டியும் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று அவற்றைப் பார்த்துவிட்டு "சிரிப்பே வரலையே" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் படத்தில் இருப்பதில்லை, காட்டிய விதத்தில் இருக்கிறது. வேகம் தப்பாக இருக்கும், சட்டகத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டையைப் படித்து முடிப்பதற்குள் அது ஓடிவிடும். விழுந்து புரளும் நகைச்சுவை கால் நொடி, அரை நொடிக் கணக்கில் உயிர்வாழ்வது. அந்தக் கணக்கைக் காப்பாற்றித் திரையிடுவதற்கான வழிமுறை இது. ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், இலவச மென்பொருள்கள் இருந்தால் போதும்.

எந்தப் படங்களை எடுப்பது

முதல் நிகழ்ச்சிக்கு 75 முதல் 85 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பேச்சே இல்லாத நகைச்சுவையில் கண் களைத்துவிடும். கீழே உள்ள வரிசை, சிறியதிலிருந்து பெரியதாக ஏறிப் போவது.

தொடக்கத்துக்கு மாக்ஸ் ஸ்க்லடனோவ்ஸ்கியின் 'குத்துச்சண்டைக் கங்காரு'. பெர்லினின் விண்டர்கார்டன் அரங்கில் 1895 நவம்பர் 1 அன்று காட்டப்பட்ட துண்டுகளில் ஒன்று. லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தியது. சில நொடிகளே ஓடும் வளையப்படம் என்பதால் அன்று திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். நீங்களும் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். ஒரே முறை ஓட்டினால் அரங்கம் கண்ணைத் திருப்புவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்து 1909-இல் வந்த 'க்ளெபோலின் க்ளேப்ட் அல்லெஸ்', அதாவது 'க்ளெபோலின் எல்லாவற்றையும் ஒட்டும்'. பசைதான் கதாநாயகன். இதில் வரும் சிறுவன் கூர்ட் போய்ஸ் 1901-இல் பிறந்தவர். 1987-இல் விம் வெண்டர்ஸின் பெர்லின் தேவதைகள் படத்தில் கிழவராக வந்தவரும் இவரே. இந்த ஒரு தகவலை முன்னுரையில் சொன்னால் போதும், அரங்கம் அந்தப் பையனைக் கூர்ந்து பார்க்கும். பிறகு குய்டோ ஸேபரின் 'மர்மத் தீப்பெட்டி' (1910). தீக்குச்சிகள் தாமாக நகர்ந்து உருவங்களாக மாறும் தந்திரப்படம். இதில் யாரும் விழுவதில்லை, ஆனாலும் இரண்டு அமளிகளுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு தருகிறது.

நிகழ்ச்சியின் நடுத்தூண் கார்ல் ஃபாலன்டின். மியூனிக்காரர், ஒல்லிக்குச்சி உடம்பு, நீண்ட மூக்கு. முதல் உலகப் போருக்குச் சற்று முன் எடுத்த 'டெர் நோயே ஷ்ரைப்டிஷ்' படத்தில் புதிதாக வந்த எழுத்துமேசையின் உயரம் சரியில்லை என்று காலை அறுக்கத் தொடங்குகிறார். அதோடு நிற்பாரா? 1923-இல் வந்த 'மிஸ்டேரியன் ஐனஸ் ஃப்ரிஸியர்சலோன்ஸ்', ஒரு முடிதிருத்தகத்தின் மர்மங்கள். இதை எடுத்தவர்கள் எரிஷ் எங்கலும் பெர்டோல்ட் பிரெக்டும். வாடிக்கையாளரின் தலை துண்டாகும், திரும்பக் கழுத்தில் உட்காரும், வாள்சண்டையின் நடுவே மறுபடி கழன்றுவிடும். ப்ளாண்டினே ஏபிங்கரும் லீஸ்ல் கார்ல்ஷ்டாட்டும் உடன் நடித்திருக்கிறார்கள். ஜெர்மன் சிரிப்புக் குறும்படங்களில் ஒன்றை மட்டும் காட்ட முடியும் என்றால் எங்கள் தேர்வு இதுதான்.

இடைவேளைக்குப் பின் எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் 'இஷ் மோஷ்டே கைன் மான் ஸைன்' (1918), நான் ஆணாக இருக்க விரும்பவில்லை. சுமார் 45 நிமிடம். ஒஸி ஒஸ்வால்டா ஆண் உடையில் நடனவிருந்துக்குப் போவது கதை. அவளுக்கு அளவெடுக்கத் தையற்காரர்கள் அடித்துக்கொள்ளும் காட்சியில் அரங்கம் தானாக இளகிவிடும்.

ஆஸ்கர் மெஸ்டர் 1903 முதல் எடுத்த ஒலித்தட்டுப் பாட்டுப்படங்களை முதல் நிகழ்ச்சியில் தவிர்ப்பது நல்லது. தட்டோடு சேர்ந்து ஓடுவதற்கென்றே எடுத்தவை அவை. ஒலி இல்லாமல் காட்டினால் வாயசைப்பு மட்டும்தான் மிஞ்சும். ஒலியோடு சேர்த்து மீட்ட பிரதி கையில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

பிரதியைக் கேட்பதும் சோதிப்பதும்

எந்தப் படத்துக்கும் முதலில் ஜெர்மன் படங்களின் விவரங்களைத் தரும் ஃபில்ம்போர்ட்டல் இணையதளத்தில் ஜெர்மன் பெயரைத் தேடுங்கள். ஃபாலன்டின் படங்களுக்கு மியூனிக் திரைப்பட அருங்காட்சியகம். மற்றவற்றுக்கு பெர்லினின் டாய்ச்சே கினமதேக், ஜெர்மன் கூட்டரசு ஆவணக்காப்பகம், வீஸ்பாடனின் முர்னாவ் அறக்கட்டளை. டச்சுத் திரையரங்குகளில் ஓடிய ஜெர்மன் படங்கள் பல ஆம்ஸ்டர்டாமின் 'ஐ' (Eye) திரைப்பட அருங்காட்சியகத்தில் உள்ள டெஸ்மெட் தொகுப்பில் பிழைத்திருக்கின்றன. அப்படிப் பிழைத்தவற்றின் எழுத்து அட்டைகள் டச்சு மொழியில் இருக்கும், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

மின்னஞ்சலில் வெறுமனே "படம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். மூலப் பிரதி எது, எத்தனை மீட்டர், நொடிக்கு எத்தனை ஃபிரேமில் (ஃபிலிமின் தனித்தனிப் படம் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்) ஓட்டச் சொல்கிறார்கள், வண்ணச்சாயம் உண்டா, அட்டைகள் எந்த மொழி, சேர்த்திருக்கும் இசை யாருடையது என்ற ஆறு கேள்விகளையும் கேளுங்கள்.

மீட்டர் கணக்கு மிகவும் பயன்படும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 ஃபிரேம். கையிலுள்ள கோப்பின் நீளத்தை நொடியாக்கி, சரியான வேகத்தால் பெருக்கி, 52.5-ஆல் வகுத்தால் எத்தனை மீட்டர் பிழைத்திருக்கிறது என்று தெரியும். நொடிக்கு 18 ஃபிரேமில் 14 நிமிடம் 35 நொடி ஓடும் கோப்பு என்றால் 875 × 18 = 15,750 ஃபிரேம், அதாவது 300 மீட்டர், ஒரு முழு ரீல். 1920 மே மாதத் திரைப்படச் சட்டத்துக்குப் பின் வந்த படங்களுக்குத் தணிக்கை அட்டையில் மீட்டர் நீளம் குறித்திருப்பார்கள். அதனோடு ஒப்பிட்டால் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று முன்கூட்டியே அறிந்து, அரங்கில் ஒரு வரி சொல்லிவிடலாம். கதை திடீரென்று தாவினால் பார்வையாளர்கள் தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் குழப்பத்தோடு யாரும் சிரிப்பதில்லை.

வேகம்: எல்லாமே இதில்தான்

அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. நடைமுறையில் 16-க்கும் 20-க்கும் இடையே எங்கேயாவது இருக்கும். இன்றைய கோப்போ 24 அல்லது 25-இல் ஓடுகிறது. மூலப் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் அப்படியே 24-இல் ஓடவிட்டிருந்தால், 18-இல் எடுத்த படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பறக்கும். அதே 300 மீட்டர் ரீல் 16-இல் 16 நிமிடத்துக்கு மேல், 18-இல் பதினான்கரை, 24-இல் 11 நிமிடத்துக்கும் குறைவு.

வேகமாக ஓடினால் இன்னும் சிரிப்பு வரும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஃபாலன்டின் மேசைக்காலை அறுக்கிறார், உட்கார்ந்து பார்க்கிறார், யோசிக்கிறார், மறுபடி எழுந்து ரம்பத்தை எடுக்கிறார். அந்த யோசனைக்கு 36 ஃபிரேம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-இல் அது முழு 2 நொடி. "இப்ப என்ன பண்ணப் போறான்?" என்று நமக்குள் எழுந்து, விடையும் தெரிந்து, வாய் கோணத் தொடங்கும் நேரம் அது. 24-இல் ஒன்றரை நொடியாகிவிடும், நமக்கு முன்னால் அவர் எழுந்துவிடுவார். வெறும் பரபரப்புத்தான் மிஞ்சும். மிக மெதுவாக ஓட்டுவதும் தப்பு. கால்கள் தரையில் பாவாமல் மிதக்கும், விழுகிறவனுக்கு எடையே இருக்காது.

முதலில் கோப்பில் ஃபிரேம்கள் ஏற்கெனவே திரும்ப வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில 'இ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யாராவது நடக்கும் காட்சியில் 24 முறை தட்டி, எத்தனை முறை படம் அசையாமல் நின்றது என்று எண்ணுங்கள். 24-இல் 6 முறை நின்றால் அது 18-இலிருந்து சரியாக மாற்றிய கோப்பு. 8 முறை நின்றால் 16-இலிருந்து, 4 முறை என்றால் 20-இலிருந்து. இப்படிப்பட்ட கோப்பின் வேகத்தைத் தொடாதீர்கள். தெரியாமல் இதையும் மெதுவாக்கிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை.

ஒரு முறைகூட நிற்கவில்லை என்றால் கோப்பு வேகமாக ஓடுகிறது, குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஆட்களின் நடையை நம்பக் கூடாது. சிரிப்பு நடிகர்கள் வேண்டுமென்றே துள்ளி நடப்பார்கள், துரத்தல் காட்சிகளைக் கேமராக்காரரே மெதுவாகச் சுற்றி வேகப்படுத்தியிருப்பார். கீழே விழும் பொருளை நம்புங்கள், புவியீர்ப்பு நடிக்காது. இடுப்புக்கு மேல், ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து கையை விட்டு நழுவிய பொருள் தரையைத் தொட 0.45 நொடி ஆகும். விரலை விட்ட ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 7 வந்தால் படம் 16-இல் எடுத்தது, 8 என்றால் 18, 9 என்றால் 20. மேசையின் மேலிருந்து உருண்டு விழுந்தால் உயரம் சுமார் 75 செ.மீ., அதற்கு 6, 7, 8 என்று வரும். ஒரு ஃபிரேம் பிசகினாலே விடை மாறிவிடும் என்பதால் நான்கைந்து விழுதல்களையாவது எண்ணிச் சராசரி எடுங்கள். தட்டு, பாட்டில், செங்கல் போன்ற கனமான பொருளாகப் பார்க்கவும். தொப்பி, காகிதம், இறகு காற்றில் தங்கும், கணக்குக்கு உதவாது. துரத்தல் காட்சிகளை விட்டுவிட்டு அறைக்குள் நடக்கும் சாதாரணக் காட்சிகளில் எண்ணுங்கள். உடைத்து நாசம் பண்ணுவதுதான் இந்தப் படங்களின் தொழில் என்பதால் விழும் பொருளுக்குப் பஞ்சம் வராது.

விடை கிடைத்ததும் எடிட்டிங் மென்பொருளில் கோப்பின் வேகத்தை மாற்றுங்கள். 24-இலிருந்து 18-க்கு 75 சதவீதம், 20-க்கு 83, 16-க்கு 67. கோப்பு 25-இல் இருந்தால் 18-க்கு 72, 20-க்கு 80. அப்போது 'ஃபிரேம் பிளெண்டிங்', 'ஆப்டிகல் ஃப்ளோ' போன்ற வசதிகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அவை இரண்டு ஃபிரேமைக் கலந்து இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்குகின்றன. ஆளின் தலை போய்ப் பொம்மைத் தலை வருவது போன்ற தந்திரம் ஒரே ஒரு வெட்டில் நடப்பது. முந்தின ஃபிரேமில் மனிதன், அடுத்ததில் பொம்மை. கலந்துவிட்டால் நடுவில் இரண்டும் ஆவிபோலத் தெரியும் ஒரு ஃபிரேம் பிறந்து, தந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தீக்குச்சிப் படத்தில் இது இன்னும் மோசம், குச்சிகளுக்கு வால் முளைக்கும். படம் முழுவதுக்கும் ஒரே வேகம் வையுங்கள். காப்பகம் காட்சிக்குக் காட்சி வேகம் குறித்துக் கொடுத்திருந்தால் மட்டும் அதன்படி மாற்றலாம்.

வேகத்தைச் சரிசெய்த பிறகும் திரையில் வழவழப்பாகத் தெரிந்தால் ப்ரொஜெக்டரின் 'மோஷன் ஸ்மூத்திங்' ஓடுகிறது என்று பொருள். கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயரில் இருக்கும், பட அமைப்புப் பட்டியலில் தேடி அணையுங்கள். 25 ஃபிரேம் கோப்பு இழுத்து இழுத்து ஓடினால் லேப்டாப்பின் வெளியீட்டை 60 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு மாற்றிப் பாருங்கள்.

சட்டகம், சாயம்

மௌனப்படத்தின் சட்டகம் 4:3-ஐ ஒட்டியது. அகலத்திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். அரங்க நிர்வாகி வந்து "ஃபுல் ஸ்கிரீன் போடலாமே" என்று கேட்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். இழுத்தால் எல்லாரும் குண்டாவார்கள், ஒல்லி ஃபாலன்டினுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பெரிதாக்கி வெட்டினால் தலையும் காலும் போய்விடும். இந்தப் படங்களில் நடிகரை உச்சி முதல் பாதம் வரை காட்டுவது சிரிப்பு பாதத்தில் இருப்பதால்தான். சுவர்க்கடிகாரம், தட்டு, வண்டிச்சக்கரம் எதையாவது திரையில் அளந்து பாருங்கள், அகலமும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சில பழைய பிரதிகளில் ஆட்கள் எப்போதும் இடப்பக்கம் நெருக்கப்பட்டுத் தெரிவார்கள். ஒலிப்படக் காலத்தில் மறுபதிவு செய்தபோது ஒலித்தடத்துக்கு இடம் விட இடது ஓரத்தை இழந்த பிரதி அது. சரிசெய்ய வழியில்லை, வேறு பிரதிதான் தேட வேண்டும்.

பட்டப்பகலில் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தால் அது இரவுக் காட்சி. மூலத்தில் நீலச் சாயம் ஏற்றியிருந்தது கறுப்பு வெள்ளைப் பிரதியில் போய்விட்டது. சாயக்குறிப்பு காப்பகத்திலிருந்து கிடைத்தால் ஏற்றுங்கள். கிடைக்காவிட்டால் நாமே ஊகித்து நீலம் பூசுவதைவிட முன்னுரையில் சொல்லிவிடுவது நேர்மை.

எழுத்து அட்டைக்குத் தமிழ்

வேகத்தை முடிவுசெய்த பிறகே சப்டைட்டில் வேலையைத் தொடங்குங்கள். முதலில் எழுதிவிட்டுப் பிறகு 75 சதவீதத்துக்கு இறக்கினால் எல்லா நேரக்குறிகளையும் 1.333-ஆல் பெருக்க வேண்டியிருக்கும்.

அட்டைகள் பல ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருக்கும். அதில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே தெரிவதால், படமெடுத்து மொழிபெயர்க்கும் செயலிகள் சொல்லையே மாற்றிப் படித்து அபத்தமான தமிழைத் தரும். கையால் தட்டச்சு செய்து, ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கடிதம், விசிட்டிங் கார்டு, பத்திரிகை விளம்பரம் என்று நடுநடுவே வரும் செருகல்களையும் விடக் கூடாது, கதையின் முடிச்சு பல நேரம் அங்கேதான் இருக்கும். கையெழுத்துக் கடிதங்கள் பழைய குர்ரென்ட் எழுத்தில் இருந்தால் இன்றைய ஜெர்மானியர்களே திணறுவார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தனியாகத் தேட வேண்டும்.

மூல அட்டையைத் திரையில் விட்டு, கீழே தமிழை இடுங்கள். அட்டையை எடுத்துவிட்டுத் தமிழ் அட்டை வைத்தால் அதன் எழுத்தழகும் ஓரச் சித்திரமும் போகும். நொடிக்கு 10 முதல் 12 எழுத்து என்று கணக்கு வையுங்கள். நாலு நொடி நிற்கும் அட்டைக்கு 45 எழுத்துக்குள் தமிழ் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் சொல்லைக் குறையுங்கள், அட்டையை நீட்டாதீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. பழைய நெகட்டிவ்களில் ஒவ்வொரு அட்டையும் சில ஃபிரேம் மட்டுமே அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருக்கும். அது அப்படியே கோப்பில் வந்திருந்தால், சத்தமாக ஒருமுறை நிதானமாகப் படிக்கும் நேரத்துக்கு உறையவைத்து நீட்டத்தான் வேண்டும்.

லூபிட்ஷின் அட்டைகளில் பெர்லின் பேச்சுவழக்கு தெறிக்கும். அதைச் சென்னைத் தமிழாகவோ கோவைத் தமிழாகவோ மாற்றினால் பெர்லின் காணாமல் போய்விடும். எந்த ஊரையும் சாராத எளிய பேச்சுத்தமிழ் போதும்.

கோப்பை யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்காவிட்டால் திரையில் கேள்விக்குறிகள்தான் வரும். சேமித்தாலும் எழுத்துரு ஒத்துழைக்காவிட்டால் 'கொ', 'கௌ' உடைந்து கொம்பு தனியே நிற்கும். அதனால் சப்டைட்டிலைப் படத்தோடு பதித்துவிடுவது பாதுகாப்பு. எழுத்தின் உயரம் திரை உயரத்தில் 20-இல் ஒரு பங்கு இருக்கட்டும், இரண்டு வரிக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். 'கீ'யின் சுழியும் மேல்வரி 'கூ'வின் வாலும் முட்டிக்கொண்டால் படிக்க முடியாது.

சிறுவர்களும் முதியோரும் கூடும் அரங்கு என்றால் சப்டைட்டிலைவிட நேரில் ஒருவர் படித்துச் சொல்வது மேல். தொடக்கக் கால ஜெர்மன் அரங்குகளில் திரைக்கருகே நின்று படத்தை விளக்குகிறவர் ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டு மௌனப்படக் கொட்டகைகளிலும் அந்த வழக்கம் இருந்தது. படிப்பவர் அட்டை மறைவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடுத்த காட்சிக்குள் குரல் நீண்டால் சிரிப்பின் மேலேயே பேசிக்கொண்டிருப்பார்.

இசை

நேரடிப் பியானோ கிடைத்தால் அதுவே சிறப்பு, கீபோர்டும் போதும். அமெரிக்கக் கௌபாய்ச் சாராயக்கடை பாணி வேண்டாம், இவை வேறு ஊரின் படங்கள். வால்ட்ஸ், போல்கா, கேலப், அணிவகுப்பு இசை பொருந்தும். பெர்லின்காரர் பால் லிங்கேவின் 'பெர்லினர் லுஃப்ட்' 1904-இல் வந்தது. அவர் 1946-இல் இறந்துவிட்டதால் மெட்டைத் தடையின்றி வாசிக்கலாம். 10 நிமிடப் படத்துக்கு இரண்டு மூன்று மெட்டு போதும்.

வாசிப்பவருக்கு நேரக்குறியோடு ஒரு தாள் கொடுங்கள்: எந்த நிமிடத்தில் யார் உள்ளே வருகிறார், எங்கே விழுகிறார், எங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு விழுதலுக்கும் தாளம் தட்டினால் மூன்றாவது விழுதலிலேயே சலித்துவிடும், படத்துக்கு இரண்டு இடம் போதும். தலை கழலும் இடத்தில் இசையை அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள், அந்த மௌனத்தில் அரங்கின் சிரிப்பு தெளிவாகக் கேட்கும். அது அடங்கத் தொடங்கியதும் அதே மெட்டை எடுக்கலாம். லூபிட்ஷ் படத்தில் 'முதல் அங்கம்', 'இரண்டாம் அங்கம்' என்று வரும் அட்டைகளை வெட்டிவிடாதீர்கள். அவை ரீல் மாற்றிய இடங்கள், வாசிப்பவர் கையை உதறிக்கொள்ள வசதி.

உரிமை

இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுதான் காப்புரிமை, ஆகவே இந்தப் படங்கள் இங்கே பொதுவுடைமை. ஜெர்மனியில் படைப்பாளிகளில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 ஆண்டு. எரிஷ் எங்கல் 1966-இல் இறந்ததால் முடிதிருத்தகப் படம் அங்கே 2036 முடிய உரிமைக்கு உட்பட்டது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் அங்கே திரையிடுவதாக இருந்தால் உரிமை வைத்திருப்பவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். புதிதாகச் சேர்த்த இசைக்கு எந்த நாட்டிலும் தனி உரிமை உண்டு. சொந்தமாக வாசிக்க ஆள் இருந்தால் கோப்பின் ஒலியை அணைத்துவிடுங்கள், பிரதி கொடுத்த காப்பகத்தின் நிபந்தனையை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஒத்திகை முந்தின நாளே, அதே அரங்கில், அதே லேப்டாப்பில் நடக்கட்டும். எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடாமல் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 20, 30 நொடி இருட்டு விட்டு, படத்தின் பெயர், ஆண்டு, ஒரு வரி அறிமுகம் மட்டும் சொல்லுங்கள். முடிதிருத்தகப் படத்துக்குப் பிறகு மட்டும் விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள். அதற்குள் வாசிப்பவர் லூபிட்ஷுக்கான தாளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.